அஸ்தினாபுரம் போய்வந்த சீமைமாதுளை

என் அக்காவைக் கட்டிக்கொண்டதோடு நிற்காமல், சீர்வரிசையில் வந்த பித்தளை அண்டா மாதிரி என்னையும் கடைசிவரை வீட்டிலேயே வைத்துக்கொண்ட அன்பு அத்தானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருவிலிருந்து உங்கள் பக்கம் அடிக்கடி ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மேல்.

போன டிசம்பரில் ஒரு காலை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடியில் எங்கள் வீட்டு பிரிட்ஜுக்குள் தலையை விட்டு, இலையே இல்லாத ஒரு மொட்டைச் செடிக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டிருந்தேன். முணுமுணுக்கவில்லை. நன்றாக வாய்விட்டு, இரண்டாவது சரணத்தில், கொயரிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்களே, அதே குரலில். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால் நம் சபைப் பாஸ்டர் அம்மா. வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ் நம் வீட்டுக்கு எந்த நாள் வரட்டும் என்று கேட்க வந்தவர், திறந்த கதவைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார்.

“பிரதர்... யாருக்குப் பாடிக்கிட்டு இருக்கீங்க?”

“சும்மா, சிஸ்டர். பிராக்டீஸ்.”

“பிரிட்ஜுக்குள்ளயா?”

“உள்ள எதிரொலி நல்லா இருக்கு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடக்க ஆராதனையில் பெட்டியைப் பார்க்கிற அதே பார்வை. தேதியைக் கேட்க மறந்து படியிறங்கிப் போய்விட்டார்.

இத்தனைக்கும் காரணம் நீங்கள்தான் அத்தான். நீங்களும் உங்கள் சீமைமாதுளையும்.

கொடைக்கானலுக்குச் சபையோடு பஸ்ஸில் போனது ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் சாக்லேட்டும் தைலமும் வாங்கினார்கள். நீங்கள் மட்டும் ஏதோ ஒரு பங்களா வாசலில் தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, அடியில் முளைத்திருந்த ஒரு பக்கக்கன்றை வேரோடு வாங்கி, ஈரத்துண்டில் சுற்றி, தாம்பரம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் முள் தொடையில் ஏறியது. நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அக்காதான் எழுந்து என் பக்கத்து சீட்டுக்கு வந்துவிட்டாள். “அங்க உக்காந்தா எனக்கும் சேத்து ஊசி போட்டுடுவார்டா” என்றாள்.

தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். படித்த படிப்பு உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது போலிருக்கிறது. அந்தச் செடி வந்ததும் மடை திறந்தது. நம் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்குள் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்துவிடுவீர்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே முழுப் பாடமும் கேட்டிருக்கிறார்.

“இதுக்கு குயின்ஸ்னு பேரு. நாட்டு மருந்துக் கடையில விதை விக்கிறாங்களே, அந்தச் சீமைமாதுளை வேற. இது அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. பூவுக்காக வளர்க்கிறது. மாதுளைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ரோஜாக் குடும்பம். ஆப்பிளும் பேரிக்காயும் இதுக்குப் பங்காளிங்க. இந்த முள்ளைப் பாருங்க. ரோஜா முள்ளு மேல்தோல்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், அழுத்தினா பிஞ்சு வந்துடும். இது அப்படி இல்ல. கிளையே கூராகி முள்ளானது. இலை ஓரத்துல ரம்பம் மாதிரி பல்லு. இலைக் காம்புக்கு அடியில ரெண்டு பக்கமும் கிட்னி வடிவத்துல குட்டி இலை இருக்கு பாருங்க, அதுக்கு இலையடிச்செதில்னு பேரு. இதை வெச்சே கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம், குயின்ஸுன்னு.”

“கண்ணை மூடிக்கிட்டா எப்படி அத்தான் இலையைப் பாக்கிறது?” என்று நான் ஒருமுறை கேட்டேன். அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீங்கள்.

எல்லாம் சரி. பூ எங்கே? அதுதான் கேள்வி. பூவைப் பற்றி நீங்கள் சொல்லும்போது எனக்கே வாய் ஊறும். இலை துளிர்ப்பதற்கு முன்னால், மொட்டைக் கிளையில், அதுவும் முற்றிய பழைய கட்டையில், யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போன மாதிரி பூக்கும் என்பீர்கள். ஐந்து இதழ், சூளை நெருப்பு நிறம், நடுவில் மஞ்சளாக மகரந்தத்தாள் கூட்டம். வந்தவர்கள் இலைகளை விலக்கி விலக்கித் தேடுவார்கள். இருந்தால்தானே? குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்க வேண்டிய செடி, தாம்பரத்தில் வருஷம் முழுக்கப் பச்சைப் பசேலென்று முழித்துக்கொண்டு நின்றது. தூங்காத செடி எப்படிக் கனவு காணும்?

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே குரல் கொடுப்பாள். “மெட்ராஸ்ல அது பூக்காதுங்க. என்ன, உங்ககிட்ட பாலிசி போட்ட ஆளா, மெச்சூரிட்டிக்குக் கரெக்டா வந்து நிக்க?”

“பூக்கும் எஸ்தர். குளிர் பட்டாத்தான் மொட்டு முழிச்சுக்கும். ஒரு வருஷம் இல்லாட்டி ஒரு வருஷம் குளிர் வரும்.”

“தாம்பரத்துக்கு?”

“மலை அடிவாரம்மா நம்ம ஊரு.”

நம் ஊர்ப் பச்சைமலைக் குன்றை மலை என்று நம்பிய கடைசி மனிதர் நீங்களாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சண்டை இல்லாமல் உங்கள் வீட்டில் ஒரு மார்கழி கழிந்ததில்லை. மாடியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே நான் பல் தேய்ப்பேன். ரேடியோ தேவைப்பட்டதில்லை.

பிறகு மே மாதம் போய்விட்டீர்கள். ஆயுள் முழுக்கக் குளிருக்குக் காத்திருந்தவர், கத்திரி வெயிலைத் தேர்ந்தெடுத்துப் போனீர்கள். இதைக்கூடச் சரியாகத் திட்டமிடத் தெரியாதா அத்தான்?

ஆகஸ்டில் உங்கள் மகள் ஷீபா பெங்களூரிலிருந்து வந்தாள். வந்ததும் என்னிடம்தான் ஆரம்பித்தாள்.

“அம்மா தனியா எப்படி மாமா இருப்பாங்க?”

“தனியா எங்கடி? மேல நான் இருக்கேனே.”

“அதான் பயமா இருக்கு.”

உங்கள் மகள்தான், சந்தேகமில்லை. அவளுடைய ஃபிளாட்டில் ஒரு ரூம் காலியாக இருக்கிறதாம், லிஃப்ட் இருக்கிறதாம், அக்காவின் மூட்டுவலிக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறாராம். “செடி?” என்றேன். வேறெதுவும் தோன்றவில்லை. “அப்பா செடியை யாரு பாத்துப்பா?”

“அதையும் எடுத்துட்டுப் போயிடலாம் மாமா. பெங்களூர் குளிர்ல அது தானா பூத்துடும்.”

பாருங்கள், உங்கள் செடியும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது.

அக்கா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள். “இந்தப் பொங்கலுக்குள்ள அது இங்கயே பூத்துச்சுன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லன்னா லீவுக்கு வரும்போது என்னையும் அதையும் சேத்துக் கூட்டிட்டுப் போ.”

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கிரேஸ் கேட்டாள், “அவங்க பொண்ணு வீட்டுக்கு அவங்க போறாங்க. உங்களுக்கு என்ன?” என்ன என்று எப்படிச் சொல்வேன்? தினமும் காலையில் நான் படியிறங்குவது காப்பிக்காக என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். காப்பி அவளும்தான் போடுகிறாள். கீழே கிடைப்பது வேறு. எதிர்வீட்டில் ஏன் காரை விற்றார்கள், மூலைவீட்டுப் பையன் காலேஜ் பக்கம் பொத்தேரியில் ரூம் எடுத்தது படிக்கவா, எல்லாவற்றிலும் எனக்குப் பாதி தெரியும், அக்காவுக்குப் பாதி தெரியும். அவள் போய்விட்டால் என் கையில் முடிவில்லாத பாதிக் கதைகள்தான் மிஞ்சும். அம்மா போனபோது அக்கா இருக்கிறாள் என்று தேற்றிக்கொண்டேன். அக்காவும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இதைக் கிரேஸிடம் கேட்டால் பதில் சொல்வாள். அந்தப் பதிலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆக, பூக்க வைத்தே தீர வேண்டும்.

செல்போனில் தேடினேன். ஒரு வீடியோவில் ஜப்பானோ கொரியாவோ, ஒரு தாத்தா. பேசுவது ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையால் காட்டுவது நன்றாகப் புரிந்தது. இலையையெல்லாம் கிள்ளி எடு. தொட்டியோடு தூக்கிக் குளிர்ப்பெட்டியில் வை. சில வாரம் தூங்கட்டும். அப்புறம் வெயிலுக்குக் கொண்டுவா. பனிக்காலம் முடிந்தது என்று செடி ஏமாந்துபோய்ப் பூக்கும். ஏமாற்று வேலை என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நமக்குக் கைவந்த துறை.

அக்காவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். தெரிந்தால் செல்லாது என்று சொல்லிவிடுவாள். செடியோ பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அவள் கண்ணெதிரில் நிற்கிறது. நவம்பரில் ஒரு நாள் போய்ச் சொன்னேன். “அக்கா, இங்க பக்கத்துல அஸ்தினாபுரத்துல எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கான். செடி விஷயத்துல கில்லாடி. மண்ணு மாத்தித் தரேன்றான். கொஞ்ச நாள் அவன்கிட்ட இருக்கட்டுமே?”

“எனக்குத் தெரியாம உனக்கு ஒரு ஃப்ரெண்டா? யாருடா?”

“புதுசு.”

“இந்த வயசுல புது ஃப்ரெண்டு. சரி, பத்திரமாக் கூட்டிட்டுப் போ. ஆட்டோல முள்ளு குத்தப் போகுது.”

கேட்டில் நின்று கையசைத்து வேறு அனுப்பினாள். வேறு வழியில்லாமல் ஆட்டோவில் ஏறி, தெருமுனையில் இறங்கி, அவள் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பும்வரை டீக்கடை பெஞ்சில் செடியும் நானும் ஜோடியாக உட்கார்ந்திருந்தோம். அப்புறம் திருட்டுப் பூனை மாதிரி வெளிப்படி வழியாக மாடிக்கு ஏற்றினேன். நல்லவேளை, அக்காவுக்கு மூட்டுவலி, மாடி ஏறமாட்டாள்.

கிரேஸை மடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. முழங்கால் உயரச் செடியும் தொட்டியும் உள்ளே போக வேண்டுமென்றால் பிரிட்ஜின் தட்டுகள் அத்தனையும் வெளியே வர வேண்டும்.

“இட்லி மாவை எங்க வைக்கிறது? உங்க தலையிலயா?”

“கீழ அக்கா பிரிட்ஜ்ல வையேன்.”

“ஏன்னு கேட்டா?”

“நம்மது ரிப்பேர்னு சொல்லு.”

“ரெண்டு மாசமாவா?”

“மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லு.”

மாவு கீழே போனது. பால் போனது. பழங்களும் போயின, பழுக்கிற பழத்திலிருந்து வரும் காற்றுப் பட்டால் மொட்டு கெட்டுவிடும் என்று இன்னொரு வீடியோவில் பார்த்தேன். முக்கியமாக ஆப்பிள் ஆகவே ஆகாதாம். ஆப்பிள் இதற்குப் பங்காளி என்று நீங்கள் அத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னீர்களே அத்தான், பங்காளியைப் பக்கத்தில் வைத்தால் கருகிவிடுமாம். இதில் செடியைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

தினமும் காலைக் காப்பியின்போது அக்கா விசாரிப்பாள். “அஸ்தினாபுரத்துல எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குக்கா. தூங்குது.”

“நல்லாத் தூங்கட்டும். அவருக்கும் பகல் தூக்கம் பிடிக்கும்.”

பிறகு மழை வந்தது. வழக்கம் போல மழைக்கு முன்னாலேயே கரண்ட் போனது. போனது போனதுதான், அடுத்த நாளும் வரவில்லை. பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே சித்திரை மாதம். இத்தனை நாள் தூங்கவைத்த செடி பாதியில் முழித்துக்கொண்டால் எல்லாம் பாழ். முட்டிவரை தண்ணீரில் மார்க்கெட்டுக்கு நடந்தேன். அங்கே கடை திறந்திருந்தது மீன்கார அக்கா ஒருவர்தான். அவரிடம் ஐஸ் வாங்கினேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மறுநாள் அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னா சார், ஐஸு மட்டும் வாங்கினு போறே, மீனு ஒண்ணு கூட வாங்க மாட்டேன்றே. வூட்ல இன்னாத்த வெச்சுகினு கீறே?”

“ஒரு செடிக்கு.”

“செடிக்கு ஐஸா?” கத்தியைப் பலகையில் வைத்தார். “வூட்ல அம்மா நல்லாத்தானே கீறாங்க?”

கிரேஸை நேரில் வந்து பார்த்தால்தான் அவர் நிம்மதியாகத் தூங்குவார் என்று தோன்றியது. அவர் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். இரண்டு நாளும் தோளில் சாக்குப் பையோடு, ஐஸ் தண்ணீர் முதுகில் ஒழுக, அக்காவின் ஜன்னலைக் கடந்து மாடி ஏறினேன். “என்னடா அது?” என்று ஒரு தரம் குரல் வந்தது. “மீனுக்கா!” என்றேன். பொய்யில்லையே. மீன் வாசனை உங்கள் செடிக்கு ஒட்டிக்கொண்டது, கிறிஸ்துமஸ்வரை போகவில்லை.

இப்படியெல்லாம் பாடுபட்ட பிறகுதான் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு. குளிர் கொடுத்தாயிற்று, டிசம்பர் வந்துவிட்டது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டாமா? அதைத்தான் பாஸ்டர் அம்மா பார்த்தார்.

அவர் நல்லவர். யாரிடமும் சொல்லவில்லை. எனக்காக ஜெபிக்கச் சொல்லி ஜெபக்குறிப்பாக மட்டும் கொடுத்தார். அதாவது சபைப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாவது வாயைக் கடப்பதற்குள் செய்தி முதிர்ந்து, நான் பிரிட்ஜில் பாட்டில் ஒளித்துவைத்துக் குடிக்கிறேன், காலையிலேயே பாட்டு வருகிறது என்று ஆகிவிட்டது. மாவையும் பாலையும் கிரேஸ் கண்ணீரோடு கீழ்வீட்டுக்கு எடுத்துப் போனதைப் பார்த்த சாட்சியும் கிடைத்துவிட்டது. அவள் வெங்காயம் உரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டு ஜெபம் என்று சொல்லிக்கொண்டு எங்கள் மாடி ஹால் நிறைய வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவும் மூட்டுவலியோடு படியேறி வந்திருந்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பாஸ்டர் அம்மா உருகி உருகி ஜெபித்தார். “ஆண்டவரே, உள்ளே மறைந்திருக்கிறதை வெளியே கொண்டுவாரும்!” எல்லாரும் “ஆமென்” என்றார்கள். ஒருத்தர் எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்துவிட்டார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மெல்லத் திறந்தேன். குளிர்ந்த வெளிச்சத்தில், பாட்டிலுக்குப் பதில், இலையில்லாத ஒரு முள்செடி, மீன் வாசனையோடு. பாஸ்டர் அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

“முள்ளு! பிரதர்... லெந்து உபவாச நாளைக்கு இப்பவே ஆயத்தமாகுறீங்களா? சிலுவைப் பாடுகளை நினைச்சுத் தினமும் இதுக்கு முன்னாடி நின்னு பாடுறீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாள். உங்களை நினைத்து அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். கண்ணை மூடியிருந்ததால் செடியைப் பார்த்திருக்க மாட்டாள் என்று ஒரு பக்கம் ஆறுதலும் பட்டேன்.

புது வருஷம் பிறந்ததும் உங்கள் செடி அஸ்தினாபுரத்திலிருந்து திரும்பி வந்தது. மறுபடி அதே ஆட்டோ, அதே டீக்கடை பெஞ்ச், வந்து கேட்டில் இறங்கினோம். “வெளியூர் தண்ணி ஒத்துக்கல போல, இளைச்சுட்டுது” என்றாள் அக்கா. பின்கட்டில் வைத்தேன். தினமும் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய கட்டையில் இருக்கும் குட்டைக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒன்றில் மிளகு மாதிரி ஏதோ இருந்தது. மொட்டா, முள்ளா? நீங்கள் இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பீர்கள். நான் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போகிக்கு ஷீபா வந்தாள். வாசலில் எங்கும் புகை. நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, உங்க கேண்டிடேட் தோத்துடும் போலிருக்கே?” என்றாள். உள்ளே போனால் பரணிலிருந்து பெரிய சூட்கேஸ் இறங்கியிருந்தது; அக்கா சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பொங்கலன்று அந்த மிளகு பட்டாணியானது. நுனியில் சிவப்பு தெரிந்தது. அவ்வளவுதான். கரும்பைக் கடித்தால் கசந்தது எனக்கு.

மறுநாள் காலை அக்காவின் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. “ஏங்க” என்றாள். பழக்கம்.

படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. துவைக்கிற கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எதிரில், மொட்டைக் கிளையில், முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில், ஒட்டிவைத்த மாதிரி ஒரே ஒரு பூ. நீங்கள் சொன்ன அதே சூளை நெருப்பு. ஐந்து இதழ். நடுவில் மஞ்சள் கூட்டம். நான் எண்ணிப் பார்த்தேன் அத்தான், இதழ்களை மட்டும். உங்களை நம்பாமல் இல்லை.

அக்கா பூவைப் பார்த்தே சொன்னாள். “சரிங்க. ஒரு நாள் லேட்டானாலும் நீங்க ஜெயிச்சீங்க. இந்த ஒரு பூவுக்கா இத்தனை வருஷம் என் காதைத் தின்னீங்க?”

எழுந்து குனிந்து, இரண்டு விரலால் பூவை லேசாகத் திருப்பி அடியில் பார்த்தாள். “டேய், கீழ பருமன் இல்ல பாரு. சூற்பை வளரல. இது ஆண் பூ. ஒரே செடியில ரெண்டு மாதிரியும் வரும், காய்க்கிறது ஒண்ணு, காய்க்காதது ஒண்ணு. இது காய்க்காது. சும்மா அழகா நின்னுக்கிட்டு பேசிக்கிட்டே இருக்கும்.”

இத்தனை வருஷமும் பாத்திரம் கழுவிக்கொண்டே உங்கள் பாடத்தைக் கேலி செய்தவள், ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறாள் அத்தான். கிண்டல் செய்ய வந்த நான் கிட்னி வடிவத்தைத் தாண்டவில்லை.

“அப்ப... பெங்களூர்?” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“நான் எங்கயும் போகலடா. போய் மூஞ்சியைக் கழுவு. பாக்கச் சகிக்கல.”

சூட்கேஸில் அடுக்கியது சபையில் ஏழைப் பெண்களுக்குக் கொடுக்க எடுத்துவைத்த சேலைகளாம். அன்றைக்கு என்னால் நான்கு இட்லியோடு நிறுத்த முடியவில்லை.

மற்றபடி இங்கே எல்லாம் நலம். பூ ஒரு வாரம் நின்று, இதழ் இதழாக உதிர்ந்தது. அதன்பிறகுதான் இலை துளிர்த்தது, நீங்கள் சொன்ன வரிசையிலேயே. சேதி பரவி ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கீழ்க்கட்டளையிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. பாஸ்டர் அம்மா இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லிவிட்டார். இப்போது அவர் வீட்டு பிரிட்ஜில் ஒரு ரோஜாத் தொட்டி இருப்பதாகவும், பாஸ்டர் வெந்நீர் மாதிரி மோர் குடிப்பதாகவும் கேள்வி. மீன்கார அக்கா ஒரு நாள் நேரிலேயே வந்து, கிரேஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் போனார்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன் அத்தான். வருகிற கார்த்திகை பிறந்ததும் உங்கள் செடி மறுபடி அஸ்தினாபுரம் போகும். மாவு மறுபடி கீழே போகும். இனி நம் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்குள் பின்கட்டுக்கு நான் கூட்டிப்போவேன். முள்ளிலிருந்து இலையடிச்செதில்வரை நான் சொல்வேன். நான் விட்டதை அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். காய்க்கிற பூ ஒன்று வரும்வரை விடமாட்டோம்.

என்றும் உங்கள் வீட்டு மாடியில்,
வாடகை கேட்கப்படாத மச்சினன்,
ஜெயசீலன்

பி.கு.: இதை எழுதி முடித்த கையோடு ஷீபா போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக உளறிவிட்டாள். பெங்களூர் வரவில்லை என்று அக்கா அவளிடம் ஆகஸ்டிலேயே, பஸ் ஏற்றிவிடப் போனபோதே, சொல்லிவிட்டாளாம். பொங்கலுக்குள் பூக்க வேண்டும் என்றதெல்லாம் எனக்காக மட்டும்தானாம். அக்கா அவளிடம் சொன்னாளாம்: “உன் மாமாகிட்ட சொல்லிடாதே. உங்க அப்பாவுக்கப்புறம் வீட்ல சிரிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. அவன் என்னதான் பண்றான்னு பாப்போம்.”